மாத நாவலில் என் கடிதம்

3 ஜூன் 2025, செவ்வாய்
அலமாரிக்குள் தலையை விட்டு, தொங்கும் புடவைகளுக்கு நடுவே கொலைக்கதை படிக்கிறேன். எதிரொலி வராதாம். ஃபேனும் கூடாது. கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள் செய்யும் வேலையா இது?

சங்கரிக்காக. தொண்ணூறுகளில் அவள் எழுதித் தள்ளிய மாத நாவல்களை ஒரு செயலியில் ஒலிநூலாகப் போடுகிறார்கள். “உன் குரலு கொலைக்குன்னே செஞ்சதுடி” என்றாள். ஹாஸ்டலில் தொடங்கிய முப்பது வருட சிநேகிதி. அன்று அவள் நாவல் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. குப்பை என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

5 ஜூன்
மூன்றாவது நாவல். கதாநாயகன் பெயர் மாறிவிட்டது, மீசை அதேதான்.

9 ஜூன், திங்கள்
ஐந்தாவதை முன்கூட்டிப் பார்க்காமலே பதிவைத் தொடங்கினேன். கொலையாகப் போகும் பெண் ஒருவனுக்குக் கடிதம் எழுதுகிறாள்.

“ரமேஷ், எனக்கு நேரில் பேச வராது. சனிக்கிழமை நாலு மணிக்கு சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் நிற்பேன். வராவிட்டால் இனி கேட்க மாட்டேன்.”

என் கடிதம். வரிக்கு வரி. 1998இல் ரயானுக்கு எழுதி, கொடுத்துவிடச் சொல்லி சங்கரியிடம் தந்தது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள்.

அன்று ஏழரை வரை நின்றேன். அவன் வரவில்லை.

அப்படியானால் கடிதம் — கொடுத்தாளா?

10 ஜூன்
போனில் கேட்டேன்.

“இன்னா ஹெலன், இப்ப போய் கேக்குற? பத்து நாள்ல நாவல் குடுன்னு உயிர வாங்கிகினு இருந்தாங்க. காப்பி பண்ணிட்டுக் குடுக்கலாம்னுதான் பையில வெச்சிருந்தேன். அதுக்குள்ள சனிக்கிழமை போயிடுச்சு.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?”

“நீ அவனத் திட்டிகினு இருந்த. எப்டி சொல்றது? நீதான் மாத நாவலக் கையால தொடமாட்டியே. தெரியாமலே போயிடும்னு நெனச்சேன்.”

போனை வைத்துவிட்டேன்.

தெரியாமலே போயிடுமாம்! என் வாழ்க்கைடி அது. ஹாஸ்டல் மொத்தமும் படிச்சிருக்கும். நான் ஒருத்திதான் படிக்கல — அந்தத் திமிர நம்பித்தானே எழுதினே?

14 ஜூன், சனி
திருப்போரூரில் ரயானுக்கு டைல்ஸ் கடை. பஸ் அதைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இன்று பார்த்தேன். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, யாருக்கோ கல் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். நல்ல நரை.

இருபத்தேழு வருடம். அவன் ஒன்றுமே செய்யவில்லை.

18 ஜூன்
சங்கரி ஏழு முறை கூப்பிட்டாள்.

21 ஜூன், சனி
காலையில் அந்த அத்தியாயத்தைப் படித்து அனுப்பினேன். ஒரே மூச்சில் வந்துவிட்டது. மாலையில், பதிவுகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஜெரோம் பேசினார்.

“சூப்பரா கீது மேடம். ஆனா லெட்டர்ல ரமேஷ்னு வர்ற எடத்துல ரயான்னு படிச்சிருக்கீங்க. அது மட்டும் திருப்பிப் படிச்சு அனுப்பிடுங்க.”

“புக்குலதான் தப்பு” என்றேன்.