சிவப்பு அட்டைக்காரிக்கு ஓர் ஊர்க்காரி எழுதுவது

அக்கா,

இன்று காலை சிலிபின் சாலை சிக்னல் விளக்கில் நின்றிருந்தபோது பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். விளக்கு இன்னும் பச்சையாகக்கூட மாறவில்லை. கோபக்கார ஹாரன் நீளமாகக் கத்தும். இது அப்படி இல்லை. பீப் பீப் என்று சின்னதாக இரண்டு. ‘நான் பின்னாடிதான் இருக்கேன், பாத்துக்கங்க’ என்று சொல்கிற ஹாரன். கண்ணாடியில் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற மோட்டார்சைக்கிள்காரர்கள் அவனைத் திரும்பி முறைத்தார்கள். பாவம், எதற்கு முறைக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கை கைப்பேசியைத் தேடியது. அப்புறம்தான் அழுதேன்.

நாம் சந்தித்ததே ஹாரனால்தானே! கல்யாணமாகி நான் கடல் தாண்டி இந்த ஈப்போவுக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் பட்டறைக்கு வேறு வண்டியில் போய்விடுவார், பழைய காரை என்னிடம் விட்டிருந்தார். மதுரையில் ஓட்டியவளுக்கு உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற திமிர் எனக்கு. முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன் போய்க்கொண்டிருந்தது. நம் வழக்கப்படி வளைவு வந்தால் ஒரு தரம், சந்து வந்தால் ஒரு தரம், தாண்டலாமா என்று யோசித்தால் ஒரு தரம் என்று மரியாதையாக அடித்துக்கொண்டே பின்னால் வந்தேன். வேன் ஓரங்கட்டி நின்றது. நீ இறங்கி வந்தாய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“ஏன் அடிச்சிக்கிட்டே வாறே? நான் ஒனக்கு என்னா செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யலையே. பின்னாடி வாரேன்னு சொல்லத்தான் அடிச்சேன்.”

“வாறதா இருந்தா வாயேன் லா. அதுக்கு எதுக்கு சண்டைக்குக் கூப்புடுறே?”

என் முகத்தையும் கழுத்திலிருந்த புது மஞ்சள் கயிற்றையும் ஒரு பார்வை பார்த்தாய். கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. “ஊர்க்காரியா நீ? அதான பாத்தேன். பசியாறிட்டியா?”

எனக்குச் சுருக்கென்றது. நான் பட்டினி கிடப்பவள் போலவா இருக்கிறேன்? இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடுதான் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் ‘ஊர்க்காரி’ தெரிய இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. எந்த ஊர்க்காரி என்று சொல்லாமல் வெறும் ஊர்க்காரி என்றால் எப்படி என்று உன்னிடமே கேட்டேன். இங்கே ஊர் என்றால் ஒன்றே ஒன்றுதான், அது இந்தியா என்றாய். அங்கிருந்து வந்தவள் யாராக இருந்தாலும் ஊர்க்காரி.

“அப்ப உனக்கு எந்த ஊரு, அக்கா?”

“எனக்கேது ஊரு? நான் சுங்கை சிப்புட்டுப் பக்கம் தோட்டத்துல பொறந்தவ. ஊரெல்லாம் நான் கண்ணால பாத்ததே இல்ல லா.”

என்னைவிடச் சில வயதுதான் மூத்தவள் நீ. அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நீ, வா, போ என்று பேசினேன். மதுரையில் அக்காவை ‘நீங்கள்’ என்றால் அன்றைக்கு வீட்டில் சண்டை என்று அர்த்தம். உனக்கும் அது பிடித்திருந்தது. வழிவிட்டவருக்குக் கையைத் தூக்கி நன்றி சொல்ல வேண்டும், யாரையும் சுட்டுவிரலால் காட்டக் கூடாது, கட்டைவிரலால்தான் காட்ட வேண்டும், யார் வீட்டு வாசலிலும் செருப்பைப் பார்த்துவிட்டு நம் செருப்பையும் கழற்ற வேண்டும் என்று போகிற போக்கில் சொல்லிக்கொண்டே வருவாய். பதிலுக்கு நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது மதுரை வசவுகளைத்தான். வட்டச் சாலையில் யாராவது குறுக்கே புகுந்தால், வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவற்றை உருப்போடுவாய்.

என் விசாவைப் புதுப்பிக்கப் போனபோதெல்லாம் நீதான் துணைக்கு வந்தாய். குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகிற அன்று காலையில், உடுப்பு சரியில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள் என்று, என் சட்டை, பாவாடை, செருப்பு எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவாய். ஊரில் நான் பழகியது வேறு அலுவலகம். அங்கே குரலை உயர்த்தினால்தான் நாம் வந்திருப்பதே தெரியும். இங்கே ஒருமுறை கவுண்டரில் இருந்தவர் ‘நந்தி’ என்றார். மலாயில் பிறகு என்று பொருளாம். எத்தனை பிறகு என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், என் இடுப்பைப் பிடித்துக் கிள்ளினாய்.

“சிரி லா, சிரி. கொரல ஒசத்துனா ஒன் பைலு அடியில போயிரும். சிரிச்சா மேல வரும்.”

சிரித்தேன். மேலே வந்தது. சிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். இத்தனை சூட்சுமம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ கைப்பையிலிருந்து உன் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாய். குடிமகனான என் வீட்டுக்காரருடையது நீலம். உன்னுடையது சிவப்பு.

“ஒனக்கு இப்பத்தான் இந்த வரிசை. எனக்குப் பொறந்ததுலேருந்து.”

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நீ பிறந்ததை உன் அப்பா உரிய காலத்தில் பதியவில்லை. அவருடைய காகிதமும் சரியாக இல்லை. அதனால் நீ இங்கேயே நிரந்தரமாகத் தங்கலாம், வேன் ஓட்டலாம், வரி கட்டலாம். ஆனால் நீ குடிமகள் இல்லை. மனுப் போட்டுக்கொண்டேதான் இருந்தாய். வந்த இடத்தில் வழி தெரியாமல் நிற்கும் எனக்கு ஒரு நாடு இருந்தது. எனக்கு வழிகாட்டியவளுக்கு, பிறந்த மண்ணிலேயே இல்லை.

அதைச் சோகமாகச் சொல்ல உனக்குத் தெரியாது. தேர்தல் கதையைத்தான் சொன்னாய். வாக்களிப்பு நாளன்று தெருவிலுள்ள வயதானவர்களையெல்லாம் வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாயாம். அவர்கள் உள்ளே போவார்கள். நீ வாசலில் மரத்தடியில் நிற்பாய். விரலில் மையோடு திரும்பி வருவார்கள். நீ கதவைத் திறந்துவிடுவாய்.

“ஒரே ஒரு தடவை நானும் உள்ள போய்ட்டு வரணும் லா. வேற ஒண்ணும் வேணாம்.”

தேநீரை ஆற்றிக்கொண்டே, வேறு யாரோ ஒருத்தியின் ஆசையைச் சொல்வது போலத்தான் சொன்னாய்.

பிறகு உன்னைக் குடியுரிமை நேர்காணலுக்கு அழைத்தார்கள். அன்று துணைக்குப் போனவள் நான். உன் சேலையை மேலும் கீழும் பார்த்து நான்தான் வண்டியில் ஏற்றினேன். அதிகாரி முக்காடு அணிந்த, நம் வயதுக்காரப் பெண். நீ உள்ளே போனாய். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை.

“போச்சு லா. எல்லாம் போச்சு.”

“என்னக்கா ஆச்சு? மலாய் வரலையா?”

“மலாயெல்லாம் நல்லாத்தான் பேசுனேன். எந்திரிச்சு வரப்ப அந்தம்மா சும்மா கேட்டாங்க, ஒங்க கம்போங் எதுன்னு. வாய் தவறி இந்தியான்னுட்டேன்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, கண்ணால் பார்க்காத ஒரு நாட்டின் பெயரையா சொல்வாய்? அப்புறம்தான் உறைத்தது. மலாயில் கம்போங் என்று அவர் கேட்டது உன் காதில் தமிழாகத்தான் விழுந்திருக்கிறது. கம்போங் என்றால் ஊர். உன் தமிழில் ஊர் என்றால் ஒன்றே ஒன்றுதான். பொய் சொல்லவில்லை நீ. மொழிபெயர்த்துவிட்டாய், அவ்வளவுதான்.

“விடு லா. மறுபடி மனுப் போட்டுக்கலாம்” என்று பையைத் தோளில் மாட்டினாய். எத்தனையோ முறை சொல்லிப் பழகிய குரல் அது. எனக்கு அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை.

“திரும்ப உள்ள போய்ச் சொல்லுக்கா.”

“கூப்புடாம உள்ள போகக் கூடாது லா.”

“கதவைத் தட்டு. கேக்கட்டும், என்ன வேணும்னு. உன் வாயால ஆனதை உன் வாயால சரி பண்ணு.”

முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நீ சிரித்துக் காரியம் சாதிக்கிறவள். அன்று உனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைத் திறந்து பாதி உடம்பை மட்டும் உள்ளே நுழைத்தாய். நான் பின்னாலேயே நின்றதால் எல்லாம் கேட்டது. மன்னிக்க வேண்டும் என்றாய். பிறகு அந்த அம்மாவைப் புவான் என்று மரியாதையாக விளித்து, மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். “இந்தியாவை நான் பார்த்ததே இல்லை, புவான். என் கம்போங் சுங்கை சிப்புட். அங்கேதான் பிறந்தேன். என் அம்மாவை அங்கேதான் புதைத்திருக்கிறோம்.”

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை.

“தெரியும், அக்கா. என் தாத்தா ஜாவாவிலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் இன்னும் கம்போங் என்றால் ஜாவாதான். நானும் போனதே இல்லை. நீங்கள் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.”

அதற்குப் பிறகும் காத்திருப்பு நீண்டது. நடுவில் உனக்குச் சிறுநீரகம் கெட்டது. வேன் ஓட்டுவதை நிறுத்தினாய். ரத்தம் சுத்திகரிக்கப் போகும் நாள்களில் நான் உன்னைக் கூட்டிப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் ஓட்டும் லட்சணத்தை நீ விமர்சிக்காத நாள் கிடையாது. அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போதுதான், அட்டையை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லித் தகவல் வந்தது. வாங்கி வந்து காரில் உட்கார்ந்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய். நீலம். நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன்.

“போட்டோல மூஞ்சி நல்லா இல்ல லா” என்றாய். பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாய். நானும் உன்னைப் பார்க்காமல் ஓட்டினேன்.

தேர்தல் வந்தபோது நீ பாதியாக இளைத்திருந்தாய். உன் வீட்டுக்காரர் போனபிறகு உன்னோடு இருந்த நாத்தனார், “இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எதுக்கு அலையணும்? ஒரு ஓட்டுல என்னா ஆகிடப் போவுது?” என்று கேட்டார். அதற்குள் நீ கல்யாணத்துக்குக் கட்டும் சேலையை எடுத்து வைத்திருந்தாய். வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூடத்தில் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தனி வழி இருந்தது. யாரோ நாற்காலிகூடக் கொண்டுவந்தார்கள்.

“வேணாம் லா. எல்லா வரிசையிலயும் நின்னுட்டேன், இதுல நிக்க மாட்டனா?”

நின்றாய். முன்னால் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாய். நான் உள்ளே வர முடியாது. மரத்தடியில் நின்று, உன் சேலை நிறம் கட்டடத்துக்குள் மறையும்வரை பார்த்தேன். திரும்பி வந்தபோது இடக்கையை உடம்பில் படாமல் தூரமாகப் பிடித்திருந்தாய், மை அழிந்துவிடும் என்ற பயத்தில்.

“யாருக்குப் போட்ட?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது லா. ரகசியம்.”

நானும் எத்தனையோ முறை ஊரில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். அந்த ரகசியத்தில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு உன் உடம்பு அதிக நாள் தாங்கவில்லை. நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்ட உறவுக்காரப் பெண்கள் கூடினார்கள். நான் உறவில்லை. இருந்தாலும் நாத்தனார் என் கையிலும் சீயக்காயைக் கொடுத்தார். உன் இடக்கை என் பங்குக்கு வந்தது. சுட்டுவிரலில் தோலிலிருந்த மை போயிருந்தது. நகத்தில் மட்டும் கருநீலமாக அப்படியே இருந்தது. நகம் கொஞ்சம் வளர்ந்து அடியில் வெள்ளையாகப் பிறை தெரிந்தது.

“என்னா கறை இது, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா போயிரும்” என்று நாத்தனார் பழத்தை அறுக்கக் கத்தியை எடுத்தார்.

“வேண்டாம். அது இருக்கட்டும்.”

நான் நினைத்ததைவிடக் குரல் பலமாக வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் இடுப்பில் கிள்ளியிருப்பாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் என் முகத்தைப் பார்த்தார், பிறகு உன் விரலைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மாலை போட்டுக் கிடத்திய பிறகு அவரேதான் உன் கைகளை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார், இடக்கையை மேலே, நகம் தெரியும்படி. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

எனக்கு இன்னும் இந்த நாட்டில் ஓட்டில்லை, அக்கா. வருமா என்றும் தெரியாது. ஆனால் உன்னை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்ற அந்தக் காலைப்பொழுது என்னிடம் இருக்கிறது. அது போதுமா என்றால், போதாது. நீ இருந்திருக்க வேண்டும். இன்னொரு தடவையும் உள்ளே போயிருக்க வேண்டும்.