மெஷின் பிழை விடாது

1985 மார்ச் 9, சனி

வழக்கம்போல சந்திரவதனா அன்ரியின் கராஜில் எங்கள் பாட்டுக் குழுவின் ஒத்திகை. உள்ளே சரியான வெக்கை. விக்னராஜா, எங்கள் விக்கி, கீபோர்டோடு சப்பாத்துப் பெட்டி அளவில் இன்னொரு சாமானும் கொண்டுவந்தான். பொத்தானை அமர்த்தினால் ட்ரம்ஸ் சத்தம் வருகிறது. அதுவும் இப்போது ரேடியோவில் பாட்டுக்குப் பாட்டு கேட்கிற அந்தச் சத்தம். அடி விழுந்ததும் பெரிய மண்டபம்போல முழங்கி, எதிரொலி அடங்க முன்பே கத்தியால் வெட்டினதுபோல நின்றுவிடும். அதை என் ட்ரம்ஸில் கொண்டுவர எத்தனை நாளாக அதன் தோலுக்கு மேலே துவாயை விரித்தும் எடுத்தும் பார்த்தேன்! அவன் ஒரு விரலால் கொண்டுவந்துவிட்டான்.

ரஞ்சினி பாடுவதை நிறுத்திச் சிரித்தாள். நானும் சிரித்தேன். விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 24

விக்கி என்னை ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சிப்ஸ் வாங்கித் தந்தான். அவன் வாங்கித் தருகிற ஆள் இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"மச்சான், குறை நினைக்காதை. ஆக்கள் இப்ப கேக்கிறது இந்தச் சத்தத்தைத்தான். மெஷின் பிழை விடாது. காருக்குள்ள இடமும் மிச்சம்" என்றான்.

காருக்குள் இடம்! எண்பத்துமூன்று கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிட்னியில் வந்து இறங்கினோம். 'லகூன்ஸ்' என்று குழுவுக்குப் பெயர் வைத்தவன் நான். பாடுகிறவள் என் தங்கை. இப்போது காருக்குள் என்னை வைக்க இடமில்லை.

சிப்ஸை முழுக்கத் தின்றுவிட்டு எழும்பி வந்தேன்.

மார்ச் 25

ரஞ்சினியும் விலகுவாள் என்று நினைத்தேன். "எனக்குப் பாடவேணும் அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

ஓகஸ்ட் 17

பாரமட்டாவில் ஒரு கல்யாண வரவேற்பு. ரஞ்சினியைக் கொண்டுபோய் விட்டது நான்தான். அவளுடைய சட்டைத் தோளுக்குள் பஞ்சு, தலைமயிர் ஸ்ப்ரேயில் விறைத்து நின்றது. டிவியில் வருகிற பெண்களைப் போலவே இருந்தாள். நான் உள்ளே போகாமல் காருக்குள் இருந்து கேட்டேன்.

அந்த மெஷினுக்கு மூச்சே இல்லை. ரஞ்சினி ஒரு சொல்லை இழுத்துப் பாட விரும்பினால் நான் அரைக்கணம் பின்னுக்கு நிற்பேன். மெஷின் நிற்காது. அவள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சனம் கைதட்டுகிறது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விக்கி, உனக்கு நான் இதைத் திருப்பித் தருவேன். எப்படி என்று இன்னும் தெரியாது.

1986 மே 4

தபால் பிரிக்கிற இடத்தில் இரவு வேலை, பகலில் நித்திரை. ட்ரம்ஸை ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் ஏற்றிக்கொண்டு போகும்போது நான் குளியலறைக்குள் நின்றேன்.

1987 ஜூலை 20

ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் வந்த பாட்டு நிகழ்ச்சியை நேற்றோடு நிறுத்திவிட்டார்கள். வேலையிடத்தில் எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள், ஏதோ செத்தவீடு மாதிரி.

எனக்குக் கவலை வரவில்லை. சில மாதங்களாக நகரத்து இசைத்தட்டுக் கடை ஒன்றில் போய் நின்று கேட்கிறேன். சத்தம் மாறுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு எல்லாம் பளபளத்த சின்தசைசர், முழங்குகிற ட்ரம்ஸ். இப்போது சில பாட்டுகளில் யாரோ பழைய ட்ரம்ஸ்காரன் எப்போதோ அடித்த நாலு அடியை வெட்டியெடுத்துப் பாட்டு முழுக்கச் சுற்றவிடுகிறார்கள். மெஷினுக்குள் மனுசனின் கை! அந்த மனுசனின் பெயர் அட்டையில் இல்லை. இன்னும் சிலவற்றில் அடியில் ஒரே சீரான குத்து, டும் டும் டும் டும். பாட்டு ஏழு நிமிஷம் எட்டு நிமிஷம் நீளுகிறது. கேட்க அல்ல, ஆடுவதற்கு.

கடைக்காரன் சொன்னான், கிளப்புகளில் இனிக் குழுக்களைக் கூப்பிட மாட்டார்களாம். இரண்டு சுழல்தட்டும் ஒரு ஆளும் போதுமாம்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வழி தெரிந்துவிட்டது. என்னை ஒரு பெட்டி தள்ளியது. உன்னையும் உன் பெட்டியையும் சேர்த்து நான் தள்ளுவேன்.

1988 பெப்ரவரி 13

சம்பளத்தில் இரண்டு சுழல்தட்டு வாங்கிப் பழகி, முதல் இரையைப் பிடித்தேன். ஒரு இருபத்தோராவது பிறந்தநாள். லகூன்ஸைத்தான் கேட்டிருந்தார்கள். நான் பிறந்தநாள்காரப் பெடியனுக்கு என் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினேன். "அந்தக் குழு எண்பத்தஞ்சிலேயே நிக்குது, உம்மட கூட்டாளிமார் சிரிப்பினம்" என்றேன். குழுவை விட்டு என்னைக் கூப்பிட்டான்.

இன்றைக்கு வடிவாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 5

ஐந்தாவது இரை. ரஞ்சினி என்னோடு கதைப்பது குறைந்துவிட்டது. குசினியில் தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போகிறாள். அவளுக்குத் தெரியும். தெரியட்டும். மார்ச் இருபத்தைந்தில் அவள் வேறு பதில் சொல்லியிருக்கலாம்.

ஒக்டோபர் 15, சனி

சந்தோஷத்தில் உடுப்பு மாற்றாமலே இதை எழுதுகிறேன்.

சூசை அங்கிளின் மகள் மார்கரெட்டின் கல்யாண வரவேற்பு. அங்கிள் ஈப்போவிலிருந்து மாணவராக வந்து இங்கே எஞ்சினியராக இருக்கிறவர். லகூன்ஸைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் தன் ஈப்போத் தமிழில், "அவங்க ரெஸ்ட் எடுக்கிறப்ப நீ போடு லா. ரெண்டும் இருக்கட்டும்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

விக்கியின் குழு மூன்று வருஷத்துக்கு முந்திய அதே சத்தத்தை வாசித்தது. பெரியவர்கள் மரியாதைக்கு ஆடினார்கள். அவர்கள் இடைவேளைக்கு இறங்கினதும் நான் அந்தச் சீரான குத்தை இறக்கினேன். மார்கரெட் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் எல்லா இளசுகளும். மேசைகள் வெறுமையாகிவிட்டன.

இடைவேளை முடிந்து விக்கி மேடை ஓரத்தில் வந்து நின்றான். நான் காணாததுபோல இன்னொரு தட்டைப் போட்டேன். பிறகு இன்னொன்று. அவனை நிற்க வைத்தேன், கைகட்டி நிற்க வைத்தேன். நல்ல உச்சத்தில் நிறுத்தி, "உங்கட நேரம்" என்று கையைக் காட்டினேன்.

அவர்கள் தொடங்கினார்கள். ஆடினவர்கள் எல்லாரும் தண்ணீர் குடிக்கவும் சிகரெட் பிடிக்கவும் வெளியே போனார்கள். வெறும் தரை. பலகைத் தரை பளபளத்தது. விக்கி கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

மூன்றரை வருஷம் காத்திருந்தேன் இந்த ஒரு காட்சிக்கு.

ஒக்டோபர் 16

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்த வெறும் தரைக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது ரஞ்சினி. பாட்டை இடையில் விடாமல் கடைசிவரை பாடினாள்.

நவம்பர் 20

லகூன்ஸ் முடிந்தது. விக்கியே வந்து சொன்னான். கதவைத் திறந்தேன். அழுவான், அல்லது அடிக்க வருவான். இரண்டுக்கும் ஆயத்தமாக இருந்தேன்.

கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு தேத்தண்ணீர் கேட்டான். கீபோர்டை விற்றுவிட்டு ஒரு கம்பியூட்டர் வாங்கியிருக்கிறானாம். வேலையில் பதவி உயர்வாம். வருகிற வருஷம் கல்யாணமாம்.

"உண்மையைச் சொன்னா நிம்மதி மச்சான். சனிக்கிழமையெல்லாம் சாமான் தூக்கி முதுகு போச்சுது. நல்ல நேரத்தில விட்டன். நீ நல்லாப் போடுறாய், என்ர கல்யாணத்துக்கும் நீதான்."

நடிக்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவனுக்கு நோகவேயில்லை. நான் செய்தது எல்லாம் எனக்கு எதிராக என்று கூட அவனுக்கு விளங்கவில்லை. நான் ஏதோ தொழில் பழகினேன் என்று நினைத்திருக்கிறான்!

ஐயோ, ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே.

நவம்பர் 27

ரஞ்சினி இப்போது குளியலறையிலும் பாடுவதில்லை. இன்றுதான் கவனித்தேன். எப்போதிலிருந்து?

டிசம்பர் 11

கேட்டேன். என்னுடைய நிகழ்ச்சிகளில் இசைத்தட்டுக்கு மேலே பாடலாமே என்றேன். இந்தச் சத்தத்துக்கு அவள் குரல் பொருந்தும், மைக் ஒன்று இருக்கிறது, வெறும் பேச்சல்ல, உண்மையாகத்தான் கேட்டேன்.

"தட்டுக்குள்ள பாடுறவள் ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள்தானே அண்ணா" என்றாள். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள்.

"விக்கியண்ணைக்கு அது சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. எனக்கு வேற ஒண்டும் இருக்கேல்லை. நீங்கள் அவருக்கு எண்டு அடிச்ச அடியெல்லாம் எனக்குத்தான் பட்டது."

நீ ஏன் அன்றைக்கு என்னோடு விலகவில்லை என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். அவள் உடுப்புகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

1989 ஜனவரி 22

ரஞ்சினி மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். வேலை செய்கிற வங்கியில் இடமாற்றம் கேட்டு வாங்கியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, சந்திரவதனா அன்ரியிடம் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டது நான்தான். ஜன்னலால் கையைக் காட்டினாள், மற்றவர்களுக்குக் காட்டுகிற மாதிரி.

ஏப்ரல் 2

விக்கியின் கல்யாணம். இசைத்தட்டுப் போடப் போகவில்லை. வயிற்றுக் குத்து என்று சொல்லிவிட்டேன். வேறு ஒருவன் போனானாம், நல்லாயிருந்ததாம்.

ஜூன் 18

ரேடியோவில் புதுசாக ஒன்று. ஒரு பெண், ஒரு கிற்றார், அவ்வளவுதான். எல்லாச் சத்தமும் பெருகிப் பெருகி, கடைசியில் இதைக் கேட்கச் சனம் காது கொடுக்கிறது. முதலில் ரேடியோ பழுதோ என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் 12, சனி, மெல்பேர்ன்

அன்ரிதான் விலாசம் தந்தா. ஃபிட்ஸ்ரோயில் ஒரு கோப்பிக் கடை, பின்னேரம். இருபது முப்பது பேர் இருக்கும். கிற்றாரோடு ஒரு நரைத்த கிரேக்கப் பெண், பக்கத்தில் ஸ்டூலில் ரஞ்சினி. ஸ்ப்ரே இல்லை, தோளில் பஞ்சு இல்லை. அவளுடைய சொந்தத் தலைமயிரைக் கண்டு எவ்வளவு காலம்.

என்னைக் கண்டதும் ஒருக்கால் நிறுத்தினாள். பிறகு பாடினாள். சொல்லை இழுத்தாள். அவள் இழுத்த இடமெல்லாம் கிற்றார் நின்றது. நான் அரைக்கணம் நிற்கிற இடங்களில் அந்த அம்மாவும் நின்றா.

இடைவேளையில் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தாள். சிட்னியில் குளிரா என்று கேட்டாள். நான் யோசித்து யோசித்துச் சொன்னேன்: ஒரு சின்ன ட்ரம், குச்சியால் அல்ல, பிரஷ்ஷால், மெதுவாக, வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருக்கால் வந்து...

"வேண்டாம் அண்ணா. இப்பிடியே நல்லாயிருக்கு."

கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் கோப்பிக்குச் சீனி போட்டுக் கலக்கித் தந்துவிட்டுப் போய் ஸ்டூலில் ஏறினாள்.

அடுத்த பாட்டுக்குப் பக்கத்து மேசைக்காரர் விரலால் மேசையில் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் பிந்தித்தான் விழுந்தது. நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன்.