ஏஜெண்டின் குடை

ஆனி, செவ்வாய் இரவு. தென்காசி.

குற்றாலத்தில் நான் சீசனுக்கு வாடகைக்கு விடும் மூன்று வீடுகளும் அடமானத்தில் இருக்கின்றன. நான் போய்விட்டால் கடன் முழுக்க என் மனைவி மரகதத்தின் தலையில் விழும் என்று சொல்லியே இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வருஷம் முழுக்க விரட்டினார். போன வாரம் அவளுக்குத் தெரியாமல், பாலிசிக்கான பரிசோதனைக்கு அவருடன் டாக்டரிடம் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, "பிள்ளைக எத்தனை, அண்ணாச்சி?" என்றார்.

இன்று ரதவீதியில் ஏஜெண்ட் எதிரே வந்தார். என்னைக் கண்டதும் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டார். அப்போது சாரல்கூட இல்லை.

ராத்திரி சோறு போடும்போது மரகதம் சிரித்தாள். "அந்த ஏஜெண்டை இப்ப இங்கன காணவே இல்ல, பாத்தியளா? விட்டுது சனியன்!"

"ஆமா" என்றேன். பசியில்லாமலே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.