காரிக்குப் பசிக்கிறது

18 நவம்பர் 2024, திங்கள்

இன்றைய மீட்டிங்கில் எனக்குக் கைதட்டினார்கள். பொங்கலுக்கு விளையாட்டில் என்ன திருவிழா வைக்கலாம் என்று பெங்களூரிலிருந்து ஜெகதீஷ் கேட்டார். எங்கள் குழுவுக்குத் தலைவர், கன்னடக்காரர். தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. மாட்டுப் பொங்கலன்று மாடு தின்ற பிறகுதான் எங்கள் வீட்டில் இலை போடுவார்கள் என்று சொன்னேன். "சூப்பர் ரேணுகா, இதுதான் வேணும்" என்றார். ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பேர் போனில் மாடு வளர்க்கிற ஒரு விளையாட்டுக்கு, போடிப் பக்கம் சிலமலையில் உட்கார்ந்து நான் தமிழ் எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

2 டிசம்பர், திங்கள்

அப்பாவின் போனில் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தேன். விலை குறைந்த போனில் ஓடுகிறதா என்று பார்க்க ஒருவர் தேவைப்பட்டது. அப்பாவுக்கும் பொழுது போகவில்லை. முழங்கால் வலி தாங்காமல் ஆவணியில் காளையை விற்றார். அதிலிருந்து காலையில் எழுந்ததும் வெறும் தொழுவத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். விளையாட்டில் ஒரு கறுப்புக் காளை கிடைத்தது. பெயர் கேட்டது. 'காரி' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். விற்ற காளையின் பெயர்.

27 டிசம்பர், வெள்ளி

பொங்கல் திருவிழாவை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று இன்றுதான் காட்டினார்கள். படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

மாட்டுக்குத் தினமும் தீனி போட வேண்டும். சும்மா கிடைக்கிற தீனி பாதி நாளுக்குத்தான் காணும். மிச்சத்துக்குக் காசு கொடுத்துத் 'தங்கப் புல்கட்டு' வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்த ஆட்டக்காரரின் தொழுவத்துக்குப் போய்விடும். நான் பெருமையாகச் சொன்ன வழக்கத்தையா இப்படிச் செய்தீர்கள்? ஜெகதீஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கிறிஸ்துமஸுக்கு மான் வச்சு இதையேதானே பண்ணோம்? யாரும் கோபப்படலையே" என்றார். மான் தின்னவில்லையென்று யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள் சார் — சொல்லவில்லை. சம்பளம் வேண்டுமே.

பிறகு என்ன செய்தேன்? உட்கார்ந்து எழுதினேன். '———— பசியோடு உங்கள் வழியைப் பார்த்து நிற்கிறது.' மாட்டின் பெயர் வரும் இடத்தில் கோடு. வெட்கங்கெட்டவள் நான்.

9 ஜனவரி 2025, வியாழன்

திருவிழா தொடங்கி நாலு நாள்தான். வீட்டில் சண்டை.

ஜீப்பில் மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா, கூடையைக்கூட வைக்காமல் கத்தினாள். ஏலக்காய் எடுத்து வாங்கிய வாரக்கூலியில் அப்பா புல்கட்டு வாங்கியிருக்கிறார். "நான் இடுப்பொடியக் குனிஞ்சு எடுத்தது போன்ல இருக்கிற மாட்டுக்கா?"

"பசிக்குதுன்னு எழுதி வருதுல்ல மகாராணி. படிச்ச பெறகு எப்படிச் சும்மா இருக்கிறது?" என்றார் அப்பா, அம்மாவைப் பெயர் சொல்லி.

நான் விளையாட்டுக் கம்பெனியில் வேலை செய்வது அப்பாவுக்குத் தெரியும். அந்த வரி என்னுடையது என்று தெரியாது. அம்மாவின் கூடையை வாங்கி உள்ளே வைத்தேன்.

12 ஜனவரி, ஞாயிறு

ஜெகதீஷ் வாழ்த்து அனுப்பியிருக்கிறார். எல்லா மொழிகளிலும் தமிழில்தான் புல்கட்டு அதிகம் விற்கிறதாம். த்தூ.

15 ஜனவரி, புதன், மாட்டுப் பொங்கல்

 நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலேயே சர்வர் படுத்துவிட்டது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தீனி போட வந்தால் படுக்காமல் என்ன செய்யும்? அப்பா வாங்கி வைத்த புல்கட்டைக்கூடப் போட முடியவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் 'காரி பசியோடு' மட்டும் அரை மணிக்கு ஒரு தரம் தவறாமல் வந்தது. செய்தி அனுப்புவது வேறு சர்வர். அது நன்றாக வேலை செய்தது!

பதினோரு மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பா எழவில்லை.

"மாடு திங்காம நான் எப்படித் திங்கிறது? அதுவும் இன்னிக்கு?"

"அது பொம்மைங்க!"

"பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? காரின்னு பேரு வச்சுட்டேன்ல."

காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர். ஒரு மணிக்கு நெற்றியில் வியர்த்தது. தம்ளரைப் பிடித்த கை ஆடியது. ஜெகதீஷை ஆறு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. லீவாம். ஊரான் வீட்டு ஆளைப் பட்டினி போட்டுவிட்டு இவனுக்கு என்ன லீவு?

கடைசியில் அப்பா முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன். "ஏப்பா, அதை எழுதினதே நான்தான். மாடுமில்ல, பசியுமில்ல. எந்திரிச்சு வாங்க."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ பொய்யா எழுத மாட்டியே ஆத்தா" என்றார்.

செருப்பால் அடித்திருக்கலாம்.

அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். தமிழ் வரிகளை நான் ஏற்றினால் ஏறிவிடும், அங்கே படித்துப் பார்க்க ஆளில்லை. பழைய வரியை அழித்தேன். வந்த ஆத்திரத்தில் யோசிக்கவே இல்லை. '———— வயிறாரத் தின்றுவிட்டது. மாத்திரை போட்டிருப்பீர்கள், எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.' அனுப்பினேன். தமிழில் ஆடும் அத்தனை பேருக்கும்.

வெளியே அப்பாவின் போன் சத்தம் கேட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தார். போனைக் கீழே வைத்தார். பிறகு, "மகாராணி, காரி தின்னுருச்சாம். எலையப் போடு."

17 ஜனவரி, வெள்ளி

ஜெகதீஷ் கூப்பிட்டார். புதன் மதியத்திலிருந்து தமிழில் ஒரு புல்கட்டுகூடப் போகவில்லையாம். வரியை ஏதோ மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"மாத்திரையா? என்ன மாத்திரை ரேணுகா?"

"எங்கப்பாவோட சர்க்கரை மாத்திரை சார்."

"அதை எதுக்கு எல்லாருக்கும் அனுப்பினே?"

"எல்லாரும் சாப்பிடட்டும்னுதான்."

மன்னிப்புக் கேட்டு எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார். முடியாது என்றேன். யார் யாரிடம் கேட்பது? சாயங்காலம் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. அதற்கு முன்னால் ஆட்டக்காரர்களின் கருத்துகளைப் பார்த்துவிட்டேன். யாரோ எழுதியிருந்தார்கள்: 'எங்க மாமியாரும் இப்பதான் சாப்பிட்டாங்க. யாருங்க இதை எழுதினது?'

3 பிப்ரவரி, திங்கள்

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. சம்பளம் பாதிதான். இன்னும் கோபம் ஆறவில்லை. அவர்கள் மேலா, என் மேலா?

14 பிப்ரவரி, வெள்ளி

விளையாட்டில் காதலர் தினத் திருவிழாவாம். மாட்டுக்கு!

வேலை முடிந்து வந்தபோது அப்பா வாசலிலேயே போனை நீட்டினார். என் இடத்துக்கு வந்த புது ஆள் எழுதியது: 'காரி உங்களை நினைத்து அழுகிறது. ரோஜாக் கட்டு வாங்குங்கள்.'

"இது நீ எழுதுனதில்லயே ஆத்தா?"

"இல்லப்பா."

"அதான பார்த்தேன். வயிறாரத் தின்ன மாடு எதுக்கு அழுகப் போகுது? இந்த வெளையாட்டையே போன்லருந்து எடுத்து விட்டுரு."

எடுத்துவிட்டேன். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பசிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.