எடுத்தாச்சு என்று சொன்ன படம்

ஊரையே “சிரிங்க, சிரிங்க” என்று மிரட்டிப் படமெடுத்த என் அன்பு அம்மாவுக்கு,

அடுத்த வாரம் உனக்கு வருஷத் திதி. சட்டம் போட ஒரு படம் வேண்டும். பதினாறாம் நாளுக்கு உன் கல்யாணப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தோம். அக்கா மகள், “இந்த ஆன்டி யாரு?” என்று கேட்டுவிட்டாள். எந்நேரமும் கேமராவுக்குப் பின்னால் நின்றவள் நீ. ஆல்பம் முழுக்க நாங்கள்தான்.

ஒரே ஒரு படம் எனக்கு ஞாபகம் இருந்தது. உன் கடைசித் தீபாவளிக்குக் கிள்ளான் டவுனுக்குத் துணி எடுக்கப் போனபோது, “என்னையும் ஒன்னு எடுடா” என்று கேமராவை நீட்டினாயே, அந்தப் படம்.

கேமராவுக்கோ உயிரே இல்லை. சார்ஜரைச் சொருகினால் விளக்கு எரியவில்லை. பேட்டரியும் மெமரி கார்டும் ஒரே மூடிக்குள் இருக்கின்றன; அந்த மூடி அசையவில்லை. பிரிக்பீல்ட்ஸில் கேமரா பழுதுபார்க்கும் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாஸ், இடுக்குல என்னமோ காஞ்சு ஒட்டியிருக்கு. நெம்புனா உடைஞ்சிரும் லா. பார்ட்ஸும் கிடைக்காது.”

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் நிறம். சந்தனம்! பதினாறாம் நாள் உன் மூக்குக்கண்ணாடியையும் கேமராவையும் படையலில் வைத்தோம். தண்ணியாகக் கரைத்துப் பெரிய பொட்டாக வைத்தது நான்தான். என் கைவேலை உனக்குத் தெரியாதா?

ஈரப் பஞ்சும் பல்குச்சியுமாக அரை மணி நேரம் சுரண்டினேன். மூடி திறந்தது. உள்ளே பேட்டரி முனையில் படிந்திருந்ததையும் துடைத்து, சார்ஜ் போட்டு பட்டனை அழுத்தியதும் லென்ஸ் முன்னால் வந்தது.

துணிக்கடை வாசல் படம் இருந்தது. அடுத்ததில் நீ இருக்க வேண்டும். இருந்தது என் முதுகு. காதில் போன்.

அப்போதுதான் உறைத்தது. ஆபீஸிலிருந்து வந்த போனில் பேசிக்கொண்டே ஒரு கையால் கேமராவைத் தூக்கிக் காட்டிவிட்டு, “எடுத்தாச்சு மா” என்றேன். பட்டனை நான் அழுத்தவே இல்லை. நீ வாங்கிப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு என்னை எடுத்திருக்கிறாய். அன்றைக்கு நீ கேட்டது, “பசிக்குதாடா?” என்று மட்டும்தான். ஏன் அம்மா திட்டவில்லை? வெட்கமாக இருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். “சரி விடு, கல்யாணப் படத்தையே வைப்போம்” என்றாள்.

அதையே வைக்கிறோம். பக்கத்தில் உன் கேமராவையும் வைப்பேன். பொட்டு அதன் உறைக்கு மட்டும். இனி யார் என்னிடம் கேமராவை நீட்டினாலும், போனை வைத்துவிட்டுத்தான் வாங்குவேன்.

உன் படத்தை எடுக்காத,
சின்னவன்