கம்ப்ரஸரோடு கடைக்குப் போனோம், அத்தாச்சி

அத்தாச்சி, என் மடியில் இப்போது ஒரு புது இம்பாக்ட் ரெஞ்ச் இருக்கிறது. காற்றில் ஓடி நட்டுக் கழற்றுகிற சாமான். கன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் வந்த எண்ணெய் வாடை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. எதிர்ச் சுவரில், நீ ஏறி நின்று வளைத்த இரும்புக் குழாய் சாத்தியிருக்கிறது. இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை.

நம் வேலை எப்படி நடக்கும்! நான் நட்டில் வீல் ஸ்பானரை மாட்டி, கைப்பிடியில் அந்தக் குழாயைச் செருகி, நழுவாமல் பிடித்துக்கொள்வேன். நீ துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குழாயின் நுனியில் ஏறி நிற்பாய். நட்டு ‘டக்’கென்று விட்டுக்கொடுக்கும். “பாத்தியா, தின்ன சோத்துக்கு ஒரு வேலை” என்பாய். முந்திரி ஏற்ற வந்த வண்டிக்காரர்கள் சிரித்தால், “சிரிக்கிறவுக வந்து ஏறுங்க, ஒங்களுக்குக் குழா வளையுதான்னு பாப்போம்” என்று கூப்பிடுவாய். உன் உடம்பைப் பற்றிய கேலியை நீயே சொல்லி முடித்துவிடுவாய். மற்றவர்களுக்கு மிச்சம் வைக்க மாட்டாய்.

ஆட்களிடம் பேசுவதும் நீதான். நான் பள்ளிக்கூடத்திலேயே வாய் திறக்காதவள். ஒன்பதாவதோடு நின்று நம் வீட்டுக் கொட்டகையில் உன்னோடு டயர் மாற்ற வந்த பிறகும், தலையை ஆட்டியே காலம் ஓட்டினேன். யாராவது என்னைக் கேள்வி கேட்டால், பின்னாலிருந்து முழங்கையில் கிள்ளுவாய். “சொல்லு புள்ள. ஒனக்குத்தான் தெரியும்ல.”

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழவே இல்லை. அதற்கப்புறம் குழாயில் நான் ஏறி நின்று பார்த்தேன். நட்டு அசையவில்லை. குதித்தேன். நான்தான் கீழே விழுந்தேன். அப்பா லோடு வேனை எடுத்துக்கொண்டு விடியலில் போனால் இருட்டித்தான் வருகிறார். வந்த வண்டிகளை, முடியாது என்று வாயால் சொல்லக்கூட வெட்கப்பட்டு, தலையாட்டியே திருப்பி அனுப்பினேன்.

ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “ஆத்தா, ஒத்தப் புள்ள நீ என்ன செய்வே? கொட்டகையப் பூட்டிருவோம். திருப்பூர்ல சித்தப்பா வீட்டுல தங்கி, தையல் கம்பெனிக்குப் போறியா?”

எல்லாவற்றுக்கும் ஆடுகிற தலை அன்றைக்கு ஆடவில்லை, அத்தாச்சி. “ஒரு கன் வாங்கிக் குடுங்கப்பா. நட்டு எம்புட்டு இறுக்கமா இருந்தாலும் கழட்டிரும்” என்றேன். அப்பா கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “சரி. ஆனா ஒரு தடவதான். ஆகாததை வாங்கிட்டு வந்தா, அப்புறம் திருப்பூருதான்.”

அன்றிலிருந்து போனில் அதே வேலை. எவ்வளவு பெரிய கன்னோ அவ்வளவு நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். முறுக்குகிற பலத்துக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். அது பெரிதாக இருந்தால் எனக்கு வாய் ஊறும். அப்புறம் ஒரு வீடியோவில் ஒருவர், பலத்தை அப்புறம் பாருங்கள், இது எவ்வளவு காற்றுக் குடிக்கும் என்று முதலில் பாருங்கள் என்றார். நம் கம்ப்ரஸர் டயருக்குக் காற்றடிக்கிற சின்னது. அதன் தகட்டில் இருந்த எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. அது எவ்வளவு கொடுக்கும் என்று யாரைக் கேட்பது?

அப்போதுதான் நீ கந்தர்வக்கோட்டைக்கு மூடி வாங்கப் போனது ஞாபகம் வந்தது. கரி பிடித்த குழம்புச் சட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாயே! “சட்டிக்கும் சேத்து டிக்கெட்டாம்மா?” என்றார் கண்டக்டர். நான் உன்னைத் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அசரவில்லை. “மூடி வாங்கப் போனா சட்டியத் தூக்கிட்டுத்தான் போகணும் புள்ள. அளவு மனசுல நிக்காது.”

கம்ப்ரஸரை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். “கன்னுக்குட்டிய ஊசி போடக் கூட்டிப் போற மாதிரில்ல இருக்கு” என்று அப்பா வழியெல்லாம் சிரித்தார்.

புதுக்கோட்டையில் கடை வாசலில் வேனை நிறுத்தியதும், கடைக்காரர் உள்ளே இருந்தே கையை நீட்டினார். “ரிப்பேரா? அது அடுத்த தெரு.”

“இல்லண்ணே, கன்னு வாங்கணும். புள்ளதான் பாக்குது” என்று சொல்லிவிட்டு அப்பா ஒதுங்கிக்கொண்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பின்னால் நீ இல்லை. என் முழங்கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

“எங்க கம்ப்ரஸர்ல ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கிறேண்ணே.”

டீக்கடையில் நின்றவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். இருவர் கம்ப்ரஸரை இறக்கி, கரண்ட் கொடுத்து, காற்று ஏற்றினார்கள். சோதனைக்கு நம் வேனின் பின்சக்கரம். மழைக்கு முன்னால் நீ ஏறி நின்று இறுக்கிய நட்டுகள். நீ இறுக்கியதைக் கழற்ற அப்பாவுக்கே நாக்குத் தள்ளும்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது பெரிய கன். என்ன சத்தம்! கையைக் காளை மாதிரி இழுத்தது. முதல் நட்டு பறந்தே விட்டது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. இரண்டாவதில் அதன் குரல் கம்மியது. மூன்றாவதில் சளி பிடித்த பூனை மாதிரி ‘கொர்’ என்றதோடு சரி. கம்ப்ரஸரில் காற்றின் அளவு காட்டுகிற முள் அடியில் கிடந்தது.

“எங்க கம்ப்ரஸர்ல போட்டா எல்லாத்தையும் கழட்டும் பாப்பா” என்றார் கடைக்காரர்.

“அப்ப ஒங்க கம்ப்ரஸரையும் எங்க வீட்டுக்கு அனுப்பிருவீங்களாண்ணே?”

சத்தியமாக நான்தான் சொன்னேன், அத்தாச்சி! கூட்டம் சிரித்தது. கடைக்காரரும் சிரித்துவிட்டு, உள்ளே போய் அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்து வந்தார். “அப்ப இதப் பாரு. பலம் கொஞ்சம் கம்மி, ஆனா காத்து கம்மியாக் குடிக்கும்.” ஒற்றைக் கையில் நிற்கிற கனம்தான். காற்று ஏறும்வரை பொறுத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். ‘டரரர்’ என்று கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தது. அப்புறம் விட்டது. அடுத்ததும் விட்டது. வரிசையாக எல்லாம் விட்டன. முள் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

கடைசி நட்டு கையில் சூடாக இருந்தது. நீ கடைசியாக இறுக்கியது அதுதானே என்று அப்போதுதான் தோன்றியது. உடனே தட்டில் போட மனம் வரவில்லை. சூடு ஆறும்வரை வைத்திருந்தேன்.

திரும்ப மாட்டும்போது கன்னை எடுக்கவில்லை. மரை சேதமாகாமல் முதலில் விரலாலேயே ஏற்றினேன். அப்புறம் வேனில் கிடந்த உன் குழாயைச் செருகி, நீ வளைத்த வளைவில் காலை வைத்து நின்றேன். கழற்றுவதற்குப் போதாத என் கனம் இறுக்குவதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

“இறுகிருச்சாத்தா?” என்றார் அப்பா.

“இறுகிருச்சுப்பா. அத்தாச்சி இறுக்கின மாதிரி இல்ல. இது கழட்டவும் வரும்.”

அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பணம் கொடுக்க உள்ளே போனார். திருப்பூர்ப் பேச்சு வரவே இல்லை.

சற்று முன் முந்திரி வண்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். “அந்தப் பெரிய புள்ள இல்லையாமே. இப்ப யாரு கழட்டுறது?”

“நான்தாண்ணே. காலைல வண்டியக் கொண்டாங்க” என்றேன்.

முழங்கையில் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது, அத்தாச்சி. போனில் பேசும்போதும் ஒரு தடவை கிள்ள வேண்டியிருந்தது. நீ கிள்ளினால் இப்படிக் கன்றாது. எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.