மஞ்சள் சீட்டில் எழுதிய பெயர்

மார்ச் 4

என் செல்லப் பேத்திக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முட்டியைத் தவிர. அது என் பேச்சைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

ஏன் கடுதாசி என்று கேட்காதே. போனில் பேசினால் உன் அப்பன் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான். உன்னிடம் பேசவும் மாட்டான், நகரவும் மாட்டான். பதினாலு மாதமாக இதே கூத்து.

நீ அனுப்பிய புதுப் போட்டோ வந்தது. போலீஸ்காரியாக நடிக்கிறவள் தோளில் கை போட்டு நிற்கிறாய். இதோடு உன் ஆல்பத்தில் இருபத்தேழு பேர் ஆயிற்று. கீழ் வீட்டுக்காரியிடம் காட்டினேன். "நடிகருங்க பின்னாடி ஓடுறதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?" என்றாள். "உன் வீட்டுக்காரர் நாள் பூரா போன்ல சீட்டு ஆடுறாரே, அது என்னவாம்? என் பேத்தி வாரமெல்லாம் பல் ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு, ரசிகர் சந்திப்புன்னா மட்டும் போய் நாலு மனுஷங்களைப் பார்க்கிறா" என்றேன். வந்த வழியே போய்விட்டாள்.

ஒரே ஒரு குறைதான் கண்ணு. உன் அப்பன் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி முடித்து, டிப்போவில் எல்லோரும் கூடி வழியனுப்பிய அன்றைக்கா நீ அந்த சீரியலில் அப்பாவாக வருகிறவரைப் பார்க்கப் போக வேண்டும்? "பெத்த அப்பனை விட்டுட்டு வேஷம் கட்டின அப்பன்கிட்ட போயிட்டா" என்றான். அதோடு உன் பேச்சையே எடுப்பதில்லை.

அந்த மனிதர் பதினேழாம் தேதி நம் ஊர் மண்டபத்துக்கு வருகிறாராம். நான் போய்ப் பார்க்கட்டுமா?

உன் பாட்டி


மார்ச் 8

அன்புப் பாட்டி,

கட்டாயம் போ. எனக்கு அன்று லீவு இல்லை. டோக்கன் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அந்த டிப்போ நாளில் நான் அவரோடு எடுத்த போட்டோவும் இருக்கிறது. அதில் கையெழுத்து இல்லை, பார்.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அந்த நாளில் நான் போனதே அப்பாவுக்காகத்தான். தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி கதவோரம் நின்று அந்த சீரியலைப் பார்ப்பாரே? டம்ளர் காலியாகி அரைமணி ஆனாலும் நகர மாட்டார். அவருக்கென்று கையெழுத்து வாங்கி டிப்போவில் எல்லோர் முன்னாலும் கொடுக்க நினைத்தேன். பத்து மணிக்கு வர வேண்டிய நடிகர் இரண்டு மணிக்கு வந்தார். போட்டோ எடுத்தேன், கையெழுத்து வரிசை நகரவே இல்லை. விட்டுவிட்டு ஓடி வந்தால், டிப்போவில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெறும் போட்டோவை நீட்டினால் சாக்கு என்றுதானே நினைப்பார்?

மேஜைக்கு முன்னால் மஞ்சள் சீட்டு ஒன்று தருவார்கள். யாருக்குக் கையெழுத்தோ அந்தப் பெயரை அதில் எழுதி, போட்டோவில் ஒட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் நடிகர் எழுதுவார். 'டிரைவர் அப்பாவுக்கு' என்று எழுது. அப்பாவிடம் மூச்சு விடாதே!

உன் பேத்தி


மார்ச் 18

என் தங்கத்துக்கு,

போய்வந்துவிட்டேன். தனியாகப் போக முட்டி விடுமா? கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி உன் அப்பனையே கூட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் ஆளுயரப் படத்தைப் பார்த்தான்.

"கண் டாக்டர் இவர்தானாம்மா?"

"இவரைப் பார்த்தாலே கண்ணு தெளியும்டா. பேசாம நில்லு."

இரண்டு மணி நேரம். எனக்கு நாற்காலி கொடுத்தார்கள், அவன் நின்றான். எவனோ நடுவில் நுழையப் பார்த்தான். "பின்னால போய் நில்லுங்க சார்!" என்று பஸ்ஸில் போடுகிற சத்தம் ஒன்று போட்டான். மண்டபமே அடங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மஞ்சள் சீட்டு வந்தது. என் மூக்குக்கண்ணாடி வரவில்லை! கண் ஆஸ்பத்திரி என்று புளுகிவிட்டுக் கண்ணாடியை வீட்டில் விட்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான். சீட்டையும் போட்டோவையும் அவனிடமே நீட்டி, "யாருக்குன்னு எழுதணும்டா" என்றேன். "உனக்குத்தான்டா" என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? மூச்சு விடாதே என்றாயே. போட்டோவில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏதோ எழுதினான். எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரிந்தது.

நடிகர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "யாருங்க இது?"

"எம் பொண்ணுங்க."

காரியம் தப்பிப் போனது எனக்குப் புரிந்தது. ஆனாலும் பதினாலு மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் 'எம் பொண்ணு'. அதைப் போய் நான் திருத்துவேனா?

நான் மட்டும் சும்மா வரவில்லை. "வீட்டை ஏன் மூத்தவன் பேருக்கு எழுதிக் கொடுத்தீங்க?" என்று அந்த நடிகரைக் கேட்டே விட்டேன். "டைரக்டர் சொன்னாரும்மா" என்று நழுவினார்.

வரும் வழியில் உன் அப்பன், "சீரியல்ல பார்க்கிறதை விட நேர்ல ஒல்லிம்மா" என்றான்.

"நீ எங்கேடா சீரியல் பார்த்தே?" என்றேன். என் பையைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டான்.

போட்டோவை இதோடு அனுப்புகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள்.

உன் பாட்டி


மார்ச் 23

அன்புப் பாட்டி,

போட்டோ வந்தது. சீட்டு இன்னும் ஒட்டியே இருக்கிறது. நடிகர் சாய்வாக, அழகாக, 'வாலுவுக்கு அன்புடன்' என்று எழுதியிருக்கிறார். நான் அதை ஒரு தடவைதான் பார்த்தேன். சீட்டைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் தாளில் பள்ளம் விழுகிற மாதிரி அப்பா அழுத்தி எழுதியிருக்கிறார்: வாலு. கடைசியாக அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த டிப்போ நாளின் காலையில். "வாலு, மூணு மணிக்கெல்லாம் வந்துடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அன்று என்ன நடந்தது என்பதை அவரிடம் நானே சொல்கிறேன். நீ ஒன்று மட்டும் சொல்லி வை: என் ஆல்பத்தில் இருபத்தெட்டாவது போட்டோ அப்பாவோடுதான். எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன்.

வாலு